பிள்ளை பார்க்கும் வேலைக்குத் தகுதி பெறுவது எப்படி? குமரி மாவட்டப் பெண்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். வெளியே எடவப்பாதி மழை அடித்து ஊற்றுகிறது. வாசல் முழுக்க நனைந்த குடையும் செருப்பும். உள்ளே பதினேழு பிள்ளைகள். அதில் ஐந்து பேர் “அம்மைக்கிட்ட போணும்” என்று ஒரே சுருதியில் அழுகிறார்கள். ஒருவன் நிக்கரிலேயே போய்விட்டான். ஒருத்தி மட்டும் அழாமல், பையைக் கழற்றாமல், சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

புதிதாக வந்தவர் அழும் பிள்ளைகளிடம் ஓடுவார். பழகிய டீச்சரின் கண் முதலில் போவது சுவரோரம் இருப்பவளிடம். இந்தத் தொழிலில் படிப்பு, பயிற்சி, சான்றிதழ் எல்லாம் அந்தக் கண்ணை வாங்கத்தான். மார்த்தாண்டம் பக்கம் பன்னிரண்டு வருடமாக மூன்று வயதுக்காரர்களோடு மல்லுக்கட்டுகிறேன். “அக்கா, பால்வாடி டீச்சர் ஆக என்ன படிக்கணும்?” என்று கேட்கிற தங்கச்சிகளுக்குச் சொல்வதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதல் படி: பணம் கட்டும் முன் பத்து நாள் உட்காருங்கள்

உங்கள் ஊர் அங்கன்வாடியிலோ தெரிந்தவர்களின் நர்சரியிலோ அனுமதி கேட்டுப் பத்து நாள் போய் வாருங்கள். சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். வேடிக்கை பார்க்கப் போகாமல் துடைக்க, கழுவ, ஊட்டப் போங்கள். பதினொரு மணிக்கு முதுகு வலிக்கும். ஒரே பாட்டை ஒன்பதாவது தடவை பாடுவீர்கள். மூக்கு ஒழுகும் பிள்ளை உங்கள் சேலையிலேயே துடைக்கும். நாலாம் நாளும் போகத் தோன்றினால் அடுத்த படிக்கு வாருங்கள். தோன்றவில்லை என்றால் ஒரு வருடமும் கட்டணமும் மிச்சம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: எந்த வயது, எந்த இடம் என்று முடிவு செய்யுங்கள்

“சின்னப் பிள்ளைகள்” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பார்ப்பது ஒரு வேலை, மூன்று முதல் ஆறு வரை இன்னொரு வேலை. முதலாவதில் பால், தூக்கம், துணி மாற்றல், மடி. இரண்டாவதில் கதை, விளையாட்டு, சண்டை தீர்ப்பு. 2013-ம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்குக் கீழ் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மூன்று முதல் ஆறு வரை இருபது பிள்ளைக்கு ஒருவர் என்று கணக்கு வைத்ததும் இதனால்தான். வேலைக்குப் போகும் இடத்தில் இந்தக் கணக்கைக் கேளுங்கள். நாற்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்றால் அங்கே நீங்கள் பிள்ளை பார்க்க முடியாது, எண்ணத்தான் முடியும்.

நம் மாவட்டத்தில் வேலை இருக்கும் இடங்கள் நாலு. ஒன்று அரசின் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் வருவது. அடுத்தது தனியார் நர்சரி, பிளே ஸ்கூல். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று பஸ் நிற்கும் இடமெல்லாம் இருக்கிறது. மூன்றாவது, அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடிகளில் நடக்கும் எல்கேஜி, யுகேஜி. தமிழ்நாடு முழுக்க 2,381 மையங்களில் 2019-ல் தொடங்கினார்கள். நாலாவது, பலர் மறந்துவிடுவது, வேலைத்தலத்துக் குழந்தைகள் காப்பகம், அதாவது கிரஷ்.

கிரஷ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். நம் மேற்குப் பகுதியில் அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலைகளில், பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைத்தாக வேண்டும் என்று 2017-ல் திருத்திய மகப்பேறு உதவிச் சட்டம் சொன்னது. தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அதற்கு முன்பே தனி விதிகள் இருந்தன. மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்திலும் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்குக் காப்பகங்கள் நடக்கின்றன. சட்டம் இருக்கும் அளவுக்குக் காப்பகம் இல்லை, இருக்கும் காப்பகத்தில் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. கைக்குழந்தை பார்க்கத் தெரிந்தவருக்கு நாளைக்கு மதிப்பு கூடப்போவது இங்கேதான் என்பது என் கணிப்பு.

மூன்றாம் படி: வயதையும் படிப்பையும் பொருத்துங்கள்

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பதினெட்டு வயதுப் பெண் அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்கு உடனே விண்ணப்பிக்க முடியாது. 2025-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆள்சேர்ப்பு அறிவிப்பின்படி பணியாளருக்குப் பிளஸ் டூ தேர்ச்சி, வயது 25 முதல் 35. விதவை, ஆதரவற்ற பெண்கள், பட்டியலின, பழங்குடிப் பெண்களுக்கு 40 வரை, மாற்றுத்திறனாளிகளுக்கு 38 வரை. உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, வயது 20 முதல் 40. தொகுப்பூதியமாகப் பணியாளருக்கு 7,700 ரூபாய், குறு அங்கன்வாடிப் பணியாளருக்கு 5,700, உதவியாளருக்கு 4,100. பன்னிரண்டு மாதம் முடிந்தபின் சிறப்புக் காலமுறை ஊதியம், அதாவது படிப்படியாக ஏறும் ஊதிய விகிதம். இந்த வேலை பெண்களுக்கு மட்டும், அதிலும் உள்ளூர்க்காரருக்கு. குடும்ப அட்டையில் எந்த ஊர் இருக்கிறது என்பது உங்கள் மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம். கல்யாணமாகிக் கிள்ளியூரில் இருந்து தோவாளைக்குப் போனவர் அட்டையை இன்னும் அம்மை வீட்டிலேயே வைத்திருந்தால் இரண்டு ஊரிலும் வாய்ப்புப் போகும்.

ஆக, பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் ஏழு வருடம் கையில் இருக்கிறது. அதைக் கீழே சொல்லும் படிப்புகளில் ஒன்றையும் தனியார் நர்சரி அனுபவத்தையும் வைத்து நிரப்புங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்கு இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்வி டிப்ளமோ நல்ல வழி. பிளஸ் டூ போதும், குறைந்தது ஒரு வருடம். குழந்தைகள் காப்பகத்தை நடத்துவது, குழந்தை நலமும் சத்துணவும், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் என்று பாடங்கள். கடைசியில் செய்முறைத் திட்டப்பணி. ஜனவரி, ஜூலை என்று வருடத்தில் இரண்டு முறை சேர்க்கை. உங்களுக்கு ஒதுக்கும் படிப்பு மையம் எங்கே இருக்கிறது, பாடப்புத்தகம் எந்த மொழியில் கிடைக்கும் என்பதைச் சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரடியாக வகுப்பில் உட்கார்ந்து படிக்க முடிந்தவர்கள், ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற இரண்டு வருட முன்பள்ளிக் கல்வி டிப்ளமோவைத் தேடுங்கள். பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும். இதைத் தொடக்கக் கல்விப் பட்டயத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தேரூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தோடு தொடர்புடைய அந்தப் பட்டயம் தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்கானது. அதுவும் நல்ல படிப்புதான், ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை ஏன் கடிக்கிறது என்று அது சொல்லித்தராது.

பட்டப்படிப்பு வேண்டும் என்றால் மனையியலில் மனித மேம்பாடு எடுக்கலாம், கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் பெற்ற இடம். மேற்பார்வையாளர், திட்ட அலுவலர் அளவுக்குப் போக நினைப்பவருக்கு இது உதவும். 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையை ஒரே அடிப்படைப் பருவமாக ஆக்கி, பிளஸ் டூ படித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் கீழ் படித்தவருக்கு ஒரு வருட டிப்ளமோவும் தர வேண்டும் என்று சொல்கிறது. வேலையில் சேர்ந்தபின்னும் படிப்பு விடாது என்று அர்த்தம்.

இனி மாண்டிசோரி, பிள்ளை தன் கையால் செய்து பார்த்துக் கற்கும் முறை. நானே ஏமாந்த கதை இது, அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்ததும், ஒரு மாடிக் கட்டடத்தில் இரண்டு அறையில் நடந்த நிலையத்தில் ஆறு மாத மாண்டிசோரிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அம்மை சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம். ஆறு மாதமும் சார்ட் பேப்பரில் ஆப்பிள் வெட்டி ஒட்டினோம். ஒரு குழந்தையைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. தங்க நிற எழுத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள், முதல் நேர்காணலிலேயே எதிரே இருந்த பள்ளி அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு “இது யார் அங்கீகரிச்சது?” என்று கேட்டார். பதில் இல்லை.

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து தானே பயிற்சி வகுப்பு நடத்தியவர். அவர் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தின் டிப்ளமோ ஒரு முழுக் கல்வியாண்டு எடுக்கும், கட்டணமும் கூடுதல். அது உண்மையான படிப்பு. மற்றதற்குப் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு சான்றிதழ் தருகிறது? எந்தப் பள்ளியில், எத்தனை நாள், பிள்ளைகளோடு பயிற்சி? சென்ற வருடம் படித்த மூன்று பேரிடம் நான் பேசலாமா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? இரண்டாவது கேள்விக்குத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாலாம் படி: கைக்கு வர வேண்டிய வேலைகள்

சான்றிதழ் கதவைத் திறக்கும். உள்ளே நிற்கவைப்பது கை.

முதலில் முதலுதவி. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. அதில் சேரும்போது குழந்தைகளுக்கானது உண்டா என்று கேட்டுச் சேருங்கள். தொண்டையில் அடைத்தால் ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைத் தலை தாழ்த்தி முன்கையில் குப்புறக் கிடத்தி, முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம். வயிற்றை அழுத்தும் முறை ஒரு வயதுக்கு மேல்தான். காய்ச்சலில் வெட்டு, அதாவது வலிப்பு, வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கையில் சாவி கொடுப்பதும் வாயில் கரண்டி திணிப்பதும் கூடவே கூடாது. படித்தால் மட்டும் போதாது, பொம்மையில் செய்து பார்க்காத கை அந்த நேரத்தில் நடுங்கும்.

நம் மண்ணுக்கென்று தனி ஆபத்துகளும் உண்டு. அண்டி ஆபீஸ் கிரஷில் வேலை பார்த்தபோது மூத்த ஆயா ஒருவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்: பால் கொடுக்க வரும் தாயின் கையைப் பார். அண்டித் தோட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும், விரல் கறுத்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவியபின்தான் குழந்தையைக் கையில் கொடுப்போம். பச்சை அண்டியை விளையாடக் கொடுக்கவே மாட்டோம். ரப்பர்க் கொட்டையும் அப்படித்தான், கோலிக்குண்டு மாதிரி அழகாக இருக்கும், கடித்தால் நஞ்சு. கடலோரத்தில் சிப்பி வைத்து எண்ணச் சொல்லலாம், ஆனால் மூன்று வயதுக்குக் கீழே கையில் தரக்கூடாது. குளமும் கிணறும் இல்லாத ஊர் நம்மிடம் இல்லை. அதனால் பிள்ளைகளோடு வாசல் தாண்டும்போதும், திரும்பி வரும்போதும், நடுவிலும் தலை எண்ணுங்கள்.

அடுத்தது உணவும் வளர்ச்சியும். ஆறு மாதம் முடிந்ததும் ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடிக் கஞ்சி நம் வீடுகளில் வழக்கம். நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது, பருப்பும் முட்டையும் கீரையும் சேர வேண்டும் என்று பாட்டியிடம் சண்டை போடாமல் சொல்லத் தெரிய வேண்டும். எடை, உயரம் குறிப்பதும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேற்கைச் சுற்றளவு அளப்பதும் பழகிக்கொள்ளுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, உடனே மருத்துவமனை. 12.5 வரை கவனிக்க வேண்டிய பிள்ளை. அங்கன்வாடியில் இதெல்லாம் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், ஆகவே செல்போனில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்திருப்பதும் தகுதிதான்.

மூன்றாவது விளையாட்டு. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. நேர்காணலுக்குப் போகும் முன் அதைப் பாருங்கள். 2024-ல் மத்திய அரசு பிறப்பு முதல் மூன்று வயது வரைக்கு ‘நவசேதனா’, மூன்று முதல் ஆறுக்கு ‘ஆதார்ஷிலா’ என்று இரண்டு கையேடுகள் வெளியிட்டது. பெற்றோர் கேட்பதோ வேறு. “மூணு வயசாச்சு, இன்னும் ஏபிசிடி எழுதலியா?” என்பார்கள். சாதாரணமாக ஒரு பிள்ளை மூன்று வயதில் வட்டம் வரையும், நாலில் கூட்டல் குறி, ஐந்தில்தான் முக்கோணம். முக்கோணம் வராத கைக்கு ‘ஏ’ எப்படி வரும்? மாவு பிசையக் கொடுங்கள், ஈரத் துணி பிழியக் கொடுங்கள், விரல் வலுக்கட்டும். இதைப் பெற்றோருக்குப் புரியவைப்பதில் பாதி ஆயுள் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மொழி விஷயம் குமரிக்காரருக்கே உரியது. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளை “வெள்ளம் வேணும்” என்று கேட்டால் அது தாகம். வெளியூர் டீச்சர் ஒருவர் ஜன்னல் வழியாக மழையைக் காட்டினார்! வீட்டு வார்த்தையைத் திருத்தாமல், “தண்ணி வேணுமா மக்களே, இந்தா வெள்ளம்” என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை இரண்டையும் எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, உற்றுநோக்கிக் குறிப்பு எழுதுவது. “நல்ல பிள்ளை”, “சேட்டை”, “மந்தம்” என்று எழுதினால் அது குறிப்பு ஆகாது. இப்படி எழுத வேண்டும்:

“காலை 10.20. கதை நேரம். முதுகுப் பக்கமிருந்து இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. பக்கத்துப் பிள்ளை எழுந்ததைப் பார்த்துத் தானும் எழுந்தாள். வலது பக்கம் போய் அழைத்தேன், உடனே சிரித்தாள்.”

சுவரோரம் அழாமல் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி நான் எழுதியது இது. இப்படி நாலு நாள் குறிப்பு சேர்ந்ததும் அவள் அம்மையிடம் காட்டினேன். அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறை பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு வரும். நாங்கள் தனியார், அதனால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். இடது காதில் கேட்கும் திறன் குறைவு. அதற்கு முன் அவளை எல்லோரும் “கூச்ச சுபாவம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்து.

ஐந்தாம் படி: சட்டம் தெரியாமல் பிள்ளையைத் தொடாதீர்கள்

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது அதன்படி குற்றம். “நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன்” என்பது போதாது, போலீசுக்குப் போக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 உங்கள் செல்போனிலும் சுவரிலும் இருக்கட்டும். கழிப்பறைக்கு அழைத்துப் போவது, துணி மாற்றுவது யார், கதவு எப்படி இருக்க வேண்டும், பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று எழுத்தில் விதி இல்லாத நிறுவனத்தில் நீங்களே கேட்டு எழுதவையுங்கள். அடிக்கும் இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள். சேர்ந்தபின் தெரிந்தால் விலகுங்கள்.

ஆறாம் படி: கோப்பும் விண்ணப்பமும்

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றுகள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, இருந்தால் விதவை அல்லது மாற்றுத்திறனாளிச் சான்று, முதலுதவிச் சான்று, அனுபவச் சான்று எல்லாவற்றையும் நகலோடு வையுங்கள். பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அறிவிப்பு வந்தபின் திருத்த நேரம் இருக்காது.

அங்கன்வாடிக் காலியிடங்கள் வட்டாரத் திட்டங்கள் வாரியாக வரும். அகஸ்தீஸ்வரம், இராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம் என்று ஒன்பது ஒன்றியங்களில் உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு, அந்தக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்து அறிவிப்புப் பலகையை மாதம் ஒரு முறை பாருங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால், அதிலும் “மேலிடத்தில் சொல்லி வாங்கித் தருகிறேன்” என்று கேட்டால், ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

தனியார் நேர்காணல் வேறு மாதிரி. பெரும்பாலும் பிள்ளைகள் நடுவில் விட்டு ஒரு கதை சொல்லச் சொல்வார்கள். நின்றுகொண்டு சொல்லாதீர்கள், தரையில் உட்காருங்கள். நான் சேர்ந்தபோது சம்பளம் மாதம் 3,500. இன்றைக்கும் சின்ன நர்சரிகள் தருவது கௌரவமான தொகை அல்ல, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. எழுத்தில் நியமன உத்தரவு கேளுங்கள். ஏப்ரல், மே மாதச் சம்பளம் உண்டா என்பதைச் சேரும் அன்றே கேளுங்கள், பிரச்சினை எல்லாம் அங்கேதான் வரும். பிளே ஸ்கூல் என்றால் அங்கீகாரச் சான்றைப் பார்க்கவும் தயங்க வேண்டாம்.

வெளிநாட்டுக் கனவு நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒன்று. இங்கிலாந்தில் இந்த வேலைக்கு மூன்றாம் நிலை முன்பருவக் கல்வியாளர் தகுதி என்று தனியாக இருக்கிறது. அங்கே இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைக்கு ஒருவர். நம் ஊர்ச் சான்றிதழ் அங்கே அப்படியே செல்லும் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நீங்களே பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

வேலை கிடைத்துவிட்டதா? முதல் மாதம் புதுப் பாட்டு, புது அலங்காரம் என்று அலைய வேண்டாம். பதினேழு பிள்ளை என்றால் குறிப்பேட்டில் பதினேழு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை, ஆளுக்கு மூன்று வரி. எந்தப் பக்கம் காலியாகவே கிடக்கிறதோ, மறுநாள் காலை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.